வேட்டியும் விருந்து மேசையும்

சொகுசுக் கப்பல்களில் இரவு விருந்துக்கு உடை விதி தேவையா என்று நந்தனத்தில் ஒரு மாலைத் தேநீரின்போது பேச்சு எழுந்தது. "விதியை அறிந்துதானே சீட்டு வாங்குகிறோம், பிறகு முறையிடுவது ஏன்?" என்றார் நண்பர். எனக்குச் சேப்பாக்கம் நினைவுக்கு வந்தது.

2014 சூலையில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அவர் அழைப்பின்பேரில் சென்றவர். அடுத்த மாதமே சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபுடையையோ காரணம் காட்டித் தடுத்தால் மன்றத்தின் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் உடை 'கண்ணியமாக' உடுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அதுவும் நிபந்தனை வைக்கிறது. அந்தக் கண்ணியத்தை அளப்பவர் யார்? நீதிபதி தடுக்கப்பட்டார், சட்டம் வந்தது. கைலி கட்டிய மீனவர் ஒருவர் அதே வாயிலில் தடுக்கப்பட்டிருந்தால் அது செய்தியாகக்கூட ஆகியிருக்காது. வெள்ளைக்காரனின் கோட்டுக்கு எதிராக நாம் மீட்டது நம் வெள்ளை வேட்டியை மட்டுமே.

விருந்தளிப்பவர் தூய்மையை எதிர்பார்க்கலாம். ஈர நீச்சலுடையோடு உணவு மேசைக்கு வராதீர்கள் எனலாம். அது பிற விருந்தினர்க்குச் செய்யும் மரியாதை. கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாதவர் மேசைக்குத் தகுதியற்றவர் என்பது மரியாதை ஆகாது, கப்பலானாலும் மன்றமானாலும். சீட்டு வாங்கியவர் உணவுக்குத்தான் பணம் கட்டினார், தம் உடைக்குச் சான்றிதழ் பெற அல்ல.

நண்பர் இன்னும் உடன்படவில்லை.