ஆக்சிஜன் அறைக்குள் உட்கார்ந்தால் ஸ்டெம் செல் கூடுமா? உண்மை என்ன?

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இருப்பவர்கள் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றாலே ஒரு காலத்தில் வேலூர் சிஎம்சிக்குத்தான் போனார்கள். அங்கே 1986ல் தொடங்கிய இந்த சிகிச்சை, இப்போது தென்சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. ஆனால் பழைய சிக்கல் ஒன்று இன்னும் தீரவில்லை. சிலருக்கு, "ஸ்டெம் செல் கவுண்ட் போதல" என்ற பதில்தான் வருகிறது.

அழுத்தமான அறைக்குள் தூய ஆக்சிஜனை சுவாசிக்கும் ஹைபர்பேரிக் சிகிச்சை இதற்கு உதவுமா?

எவ்வளவு செல் வேணும்?

மைலோமா, லிம்போமா நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அவர்களது சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, தீவிர கீமோவுக்குப் பிறகு திரும்பச் செலுத்துவார்கள். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 12 கோடி.

இந்த செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருப்பவை. ஜி-சிஎஸ்எஃப் ஊசியை 4, 5 நாள் போட்டு ரத்தத்துக்கு வரவழைத்து, கருவி மூலம் பிரித்தெடுப்பார்கள். ஏற்கெனவே அதிக கீமோ எடுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சரியாக வராமல் போகலாம்.

ஆக்சிஜன் என்ன செய்யுது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2006ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. இரு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 2 மணி நேரம் ஆக்சிஜன் சுவாசித்தவர்களின் ரத்தத்தில் ஸ்டெம் செல் இரட்டிப்பானது. 20 முறை கொடுத்த பிறகு 8 மடங்கானது. மஜ்ஜையில் நைட்ரிக் ஆக்சைடு கூடி, செல்களை விடுவிப்பதே காரணம்.

அப்போ இது போதுமா?

இங்கேதான் கணக்கு இடிக்குது. சாதாரண நிலையில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இந்த செல்கள் ஒரு சில மட்டுமே இருக்கும். 10 முதல் 20 வரை வந்தால்தான் பொதுவாக சேகரிப்பைத் தொடங்குவார்கள். 2 இருந்தது 4 ஆனால் பயனில்லை. 8 மடங்கு கூடினால் எல்லையைத் தொடலாம். ஆனால் வாரம் 5 முறை என்றாலும் 20 முறைக்கு 4 வாரம் ஆகும். புற்றுநோய் அதுவரை காத்திருக்காது. தவிர, அந்த ஆய்வில் இருந்தவர்கள் மாற்று சிகிச்சைக்கு வந்தவர்களும் அல்ல.

கவுண்ட் ஏறாதவர்களுக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் 2008ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளெரிக்ஸாஃபார். முதல் முறை தவறினாலும், மருந்தை மாற்றி மறுபடி முயற்சிக்கலாம்.

ஆபத்து உண்டா?

காது அடைப்பு, வலி சகஜம். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு பிளியோமைசின் மருந்து எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதிக ஆக்சிஜன் அவர்களின் நுரையீரலைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டு. தீ விபத்து அபாயமும் நிஜம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் இப்படி ஒரு அறை வெடித்து 5 வயது சிறுவன் உயிரிழந்தான்.

என்ன செய்யணும்?

ஆறாத சர்க்கரை நோய்ப் புண், கதிர்வீச்சு பாதிப்பு போன்றவற்றுக்கு ஆக்சிஜன் அறை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான். ஸ்டெம் செல் சேகரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. "கவுண்ட் ஏத்தித் தர்றோம்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் உங்கள் மாற்று சிகிச்சை மருத்துவரிடம் கேளுங்கள்: "எனக்கு பிளெரிக்ஸாஃபார் கொடுத்துப் பார்க்கலாமா?"