விழாத பெட்டி எதுவுமில்லை

கடந்த மாதம் அயல்வீட்டில் ஒரு பெட்டி திறக்கப்பட்டது. கட்டாரில் பணிபுரியும் மகன் கப்பலில் அனுப்பியிருந்த 55 அங்குலத் தொலைக்காட்சி. அதற்கென்று சுவரில் ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது, திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடியிருந்தது. தாய் ஒன்றும் பேசவில்லை. தந்தைதான், "துறைமுகத்தில் தூக்கி எறிந்திருக்கிறார்கள்" என்றார். கூடிநின்ற எல்லோரும் தலையசைத்தனர்.

நான் தலையசைக்கவில்லை. அதே குற்றச்சாட்டை ஒருமுறை அச்சிலேயே எழுதியவன் நான். அது தவறென்று பின்னர் அறிந்தும் திருத்தாமல் விட்டவனும் நானே.

1979ஆம் ஆண்டு. லண்டனிலிருந்த என் மைத்துனர், எங்கள் ஊர் வாசிகசாலைக்கென்று பழைய வால்வு அம்ப்ளிபயர் ஒன்றை அனுப்பியிருந்தார். ஏறத்தாழ இருபது கிலோ எடை. கப்பற் கட்டணத்தை ஊர்ப் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று சேர்த்திருந்தார்கள். வந்து சேர்ந்த பெட்டியைக் கொழும்பில் என் அறையில் வைத்துத் திறந்தேன். உள்ளே இருந்த கனத்த ட்ரான்ஸ்போமர் தன் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. வால்வுகள் நான்கும் தூளாகியிருந்தன. அன்றிரவே, துறைமுகத் தொழிலாளரின் அலட்சியத்தைச் சாடி ஒரு பத்தி எழுதினேன். கோபத்தில் எழுதியது; ஆகவே நன்றாகவே எழுதியிருந்தேன்.

நான்கு நாட்களின் பின் ஒருவர் ஆசிரியபீடத்துக்கு வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் சுமை தூக்கியவர். சண்டை பிடிக்க வரவில்லை. "ஐயா, அந்தப் பெட்டியை ஒருக்கா பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அறைக்கு அழைத்துச் சென்று காட்டினேன். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மூலைகளைத் தடவினார். "வெளியில ஒரு நசுங்கல்கூட இல்லையே ஐயா. உள்ளுக்குத்தான் ஆடியிருக்கு" என்றார். பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருட்டிச் செருகியிருந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். பல வாரக் கடற்பயணத்தின் அதிர்வில் அத்தாள்கள் நசுங்கித் தட்டையாகிப் போயிருந்தன. "விழாத பெட்டியை நான் கண்டதில்லை. விழும் எண்டு நினைச்சுத்தான் கட்டவேணும்." இதைச் சொல்லிவிட்டுத் தேநீர்கூட அருந்தாமல் போய்விட்டார்.

அவர் சொன்னது வெறும் அனுபவ மொழியன்று. எளிய கணக்கும் அதுவே. ஒரு பொருள் 75 சென்றிமீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மேசையின் மட்டத்திலிருந்து விழுகிறது என்று கொள்வோம். அது ஒரு சென்றிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால், அதன் எடையைப்போல் ஏறத்தாழ எழுபத்தைந்து மடங்கு விசை அதன்மேல் தாக்கும். ஐந்து சென்றிமீற்றர் தூரத்தில் மெல்ல மெல்ல நிறுத்தப்பட்டால், அவ்விசை பதினைந்து மடங்காகக் குறையும். இருபது கிலோ அம்ப்ளிபயர் ஒன்றுக்கு முன்னையது ஆயிரத்து ஐந்நூறு கிலோவின் பாரம். பின்னையது முந்நூறு கிலோ. பொதி கட்டும் கலை முழுவதும் அந்த ஐந்து சென்றிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது. நாம் பொருளைச் சுற்றி வைப்பது பஞ்சோ தாளோ அன்று, நிற்பதற்கான தூரம்.

கனமான பொருளில் இதுவே சிக்கலாகிறது. குமிழித் தாள் இலேசான பொருட்களுக்கு மிக நல்லது. 1957இல் நியூ ஜேர்சியில் அல்பிரட் பீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் தாளாக அதனை உருவாக்க முயன்றனர். அம்முயற்சி தோற்றது. பின்னர் ஐ.பி.எம். நிறுவனம் தன் 1401 கணினியை அனுப்பும்போது பாதுகாப்புக்காகப் பயன்படுத்திய பின்னரே அதற்கு வாழ்வு வந்தது. ஆனால் இருபது கிலோ இரும்பின் கீழ் ஓரிரு சுற்றுக் குமிழித் தாள் நசுங்கி, நிற்பதற்கான தூரம் ஏதும் மிஞ்சாமற் போகும். உதிரி றெஜிபோம் துண்டுகளோ அதிர்வில் மேலேறிவிட, பொருள் கீழே இறங்கிப் பெட்டியின் அடியில் அமர்ந்துவிடும். கனத்த பொருளுக்கு வேண்டியது அதன் எடையைத் தாங்கக்கூடிய அடர்த்தியான நுரைப் பலகை. அது மிக மென்மையாக இருந்தால் பொருள் தரையைத் தொடும். மிகக் கடினமாக இருந்தால் கல்லின்மேல் விழுந்ததற்குச் சமம்.

ஆகவே பெட்டிக்குள் பெட்டி வைக்க வேண்டும். உள்பெட்டியில் பொருள் அசையாமல் இருக்கவேண்டும். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே ஆறு பக்கமும் ஐந்து சென்றிமீற்றருக்குக் குறையாத நுரை. வெளிப்பெட்டி இரட்டை அடுக்கு நெளிவு அட்டையாக, புதியதாக இருக்கட்டும். ஈரப்பதன் ஏறிய பழைய அட்டை தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். கப்பலின் கொள்கலனுக்குள் ஈரத்துக்குக் குறைவில்லை. மூடியபின் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் அசைந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள்.

கழற்றக்கூடியவற்றைக் கழற்றுவது அடுத்த கடமை. வால்வுகளைத் தனியே சுற்றி அனுப்பவேண்டும். இசைத்தட்டுக் கருவியின் சுழல்தட்டையும் கைப்பகுதியின் எதிர்ப்பாரத்தையும் கழற்றி, கையைக் கட்டிவிட வேண்டும். சுற்றுப் பலகைகளைச் சாதாரணப் பிளாஸ்ரிக்கிலோ றெஜிபோமிலோ நேரே வைக்கலாகாது. நிலைமின்னைத் தடுக்கும் உறை வேண்டும். தட்டையான தொலைக்காட்சியை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். படுக்கவைத்தால் அந்த மெல்லிய கண்ணாடி தன் பாரத்தையே தாங்க மாட்டாது. அதன்மேல் வேறொரு பொதி ஏறினால் கேட்கவே வேண்டாம். தனி லிதியம்-அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

பொதியைப் பரிசோதிக்கவும் முறை உண்டு. சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்தின் அடிப்படைச் சோதனையில் ஒரே பொதியைப் பத்துத் தடவை வீழ்த்துகிறார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். விழுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அந்தத் தொழிலாளியின் வார்த்தையே அங்கு விதியாகியிருக்கிறது.

நாமோ வேறொன்று செய்கிறோம். செவ்வெழுத்தில் "உடையக்கூடியது, கவனம்" என்றொரு சிட்டையை ஒட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று கருதுகிறோம். நள்ளிரவில், மங்கிய வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒன்றாக அது நகரும்போது அச்சிட்டையை யார் வாசிப்பார்? நம் பொறுப்பை, முகமறியாத இன்னொருவர் தோளில் ஏற்றிவிடும் தந்திரமே அது.

அந்தத் தோளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தொழிலாளி தனித்துச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. கப்பலில் செல்லும் பொதிகளில் எடையைக் குறிக்கவேண்டும் என்ற 1929ஆம் ஆண்டுச் சமவாயமோ ஆயிரம் கிலோவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமே பொருந்தும். நாம் அனுப்பும் அறுபது கிலோப் பெட்டியில் எடை எழுதப்படுவதில்லை. பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் குறிக்கப்படுவதில்லை. தூக்குபவர் அதைத் தன் முதுகினாலேயே அறிந்துகொள்கிறார். அவர் தடுமாறிக் கைவிட்டால் அதற்கு "எறிந்தார்" என்று பெயர் சூட்டுகிறோம். எடையையும் பாரமான பக்கத்தையும் பெரிதாக எழுதுவதற்கு ஒரு பேனை போதும். அது பொருளையும் காக்கும், மனிதரையும் காக்கும்.

துறைமுகங்களில் முரட்டுத்தனமே இல்லையென்று நான் வாதிடவில்லை. உண்டு, அதற்கு நிறுவனங்கள் பதில் சொல்லவேண்டும். ஆயினும் கடல்வழிச் சரக்குக் காப்புறுதியின் பொதுவான விதிகள்கூட, பொதி போதாமையால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லையென்றே சொல்கின்றன. கட்டுபவரின் குற்றமும் குற்றமே என்பதை வர்த்தக உலகம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீடுகள்தான் இன்னும் ஏற்கவில்லை.

அயல்வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். உடைந்த திரையை எடுத்துவைத்தபின் பெட்டிக்குள் பார்த்தேன். தொழிற்சாலை வைத்திருந்த றெஜிபோம் அணைகள் அகற்றப்பட்டிருந்தன. அவை இருந்த இடத்தில் பால்மா டின்கள், சவர்க்காரக் கட்டிகள், தங்கைக்கு ஒரு சோடிச் சப்பாத்து. கொஞ்ச இடத்தையும் வீணாக்க மனமில்லாமல் மகன் அன்பை அடைத்து அனுப்பியிருக்கிறான். அந்தப் பால்மா டின்னின் விளிம்புதான் கண்ணாடியைத் தொட்டிருந்தது.

தந்தையிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. மகனைக் குறைகூறுவதற்காக அன்று. அடுத்த பெட்டியையும் அவன் அவ்வாறே கட்டக்கூடாது என்பதற்காகவே சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் அவங்களைச் சும்மா ஏசிப்போட்டம்" என்றார்.

நானும் ஏசியவன்தான், அதுவும் ஆயிரக்கணக்கானோர் வாசிக்கும்படி ஏசியவன். பெட்டியைப் பார்க்க வந்த அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. பத்திரிகையில் அன்று வந்திருக்கவேண்டிய பிழைதிருத்தத்தை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து, இங்கே பதிவு செய்கிறேன்.