செந்தேரியில் கார் ஓட்டலாமா?

அரியமங்கலத்துக்காரர்களுக்கு டிராஃபிக் புதிதல்ல. தஞ்சாவூர் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே லாகவமாகப் புகுந்து வந்துவிடுவார்கள். ஆனால், அந்தச் சாமர்த்தியம் மணலில் செல்லாது.

பிள்ளைகளுக்குப் பாலைவனம் காட்ட ராஜஸ்தான் வரை போக வேண்டாம். மதுரை, தூத்துக்குடி வழியாக 300 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் திருச்செந்தூர். அங்கிருந்து காயாமொழி வழியாகச் சென்றால் குதிரைமொழித் தேரி. கடலுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேலென்று மணல்மேடுகள். மணலில் படிந்திருக்கும் இரும்புத் துருதான் இந்தச் சிவப்புக்குக் காரணம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரை நல்ல சாலை இருக்கிறது. அதைத் தாண்டி, பனங்காட்டுக்குப் போகும் மண்பாதைகளில்தான் சோதனையே!

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். கால் புதைந்தால் காரும் புதையும். உள்ளூர்க்காரர்களிடம் பாதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டயரில் வழக்கமாக 32, 33 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும், அதை 20 அளவுக்குக் குறைத்தால் டயர் ஒட்டகத்தின் பாதம் போல அகன்று, மணலில் அமிழாமல் போகும். சீரான வேகம் போதும். திடீர் பிரேக்கும் வேண்டாம், ஒடித்துத் திருப்பவும் வேண்டாம்.

அப்படியும் சக்கரம் சுழல ஆரம்பித்தால்? பதற்றத்தில் எல்லோரும் ஆக்ஸிலேட்டரைத்தான் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். காலை எடுத்துவிடுங்கள். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் இறங்கட்டும். சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலைக் கையால் தள்ளிவிட்டு, மிதியடியை அடியில் கொடுத்து, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தேரி ஒருகாலத்தில் காற்றடிக்கும் திசையெல்லாம் நகர்ந்த மணல். பனையும் உடைமரமும் வேர்விட்டுத்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாதையை விட்டு விலகி மேட்டில் ஏற்றினால், நசுங்குவது அந்த இளங்கன்றுகள்தான். காப்புக்காடாக இருக்கும் பகுதிக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது. மேட்டை நடந்தே ஏறுங்கள்; பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் டயரில் காற்றை நிரப்பிவிடுங்கள். காற்றுக் குறைந்த டயர் மணலில் காப்பாற்றும். தார் ரோட்டில் வேகமெடுத்தால் சூடேறி வெடித்துவிடும்.