ஆணி அடித்த கை

ஜப்பானில் நீகாட்டா பகுதியில் சுபாமே என்று ஓர் ஊர் இருக்கிறது. கரண்டிக்குப் பெயர் போன ஊர். அந்த நாட்டில் தயாராகும் எவர்சில்வர் கரண்டிகளில் பெரும்பாலானவை இங்கே செய்தவைதான். 1991-ம் ஆண்டு நோபல் பரிசு விருந்தில் வைத்த கரண்டிகளும் இந்த ஊர்ச் சரக்கே!

இந்தப் பெருமை சும்மா வரவில்லை.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தவர்கள் ஏழை விவசாயிகள். ஷினானோ ஆறு அடிக்கடி கரை புரண்டு வயல்களை அழித்தது. வயிற்றுப் பிழைப்புக்கு ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஊரெல்லாம் பட்டறை ஆயிற்று.

1868-க்குப் பிறகு மேல்நாட்டு எந்திர ஆணி வந்து இறங்கியது. விலையோ மலிவு. கையால் அடித்த ஆணியைக் கேட்பார் இல்லை!

ஊர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆணி அடித்த கைகள் அரம் செய்தன. செம்புப் பாத்திரம் தட்டின. புகை பிடிக்கும் சுங்கான் செய்தன. 1911-ல் கரண்டி, முள்கரண்டி செய்ய ஆர்டர் வந்தது. முதலில் கையால் தட்டினார்கள். பிறகு எந்திரம் வைத்தார்கள்.

எந்திரம் வந்த பிறகு கைக்கு என்ன வேலை?

தகட்டை வெட்டுவதும் அச்சில் அழுத்துவதும் எந்திரம். மெருகுச் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். அந்தச் சக்கரத்தில் எந்த இடத்தை எவ்வளவு நேரம் காட்டுவது என்பது மட்டும் தொழிலாளியின் கைக்குத்தான் தெரியும். அழுத்தம் கூடினால் பொருள் தேயும். குறைந்தால் கீறல் நிற்கும். 2001-ல் வெளிவந்த 'ஐபாட்' என்ற பாட்டுக் கருவியின் முதுகு கண்ணாடிபோல் மின்னியதே, அதற்கு மெருகிட்டவர்கள் சுபாமே தொழிலாளிகள்தான்.

சோதனை மறுபடியும் வந்தது. மெருகு வேலையில் பெரும்பகுதி கூலி குறைந்த சீனாவுக்குப் போயிற்று. மெருகுக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது. 2003-ல் சிறு பட்டறைகள் ஒன்றுகூடின. ஒரே பெயரில் ஆர்டர் வாங்கி, வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. 2007-ல் இளைஞர்களுக்கு மெருகுத் தொழில் கற்றுக் கொடுக்க ஒரு பயிற்சிக்கூடம் திறக்கப்பட்டது.

இதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பணம் இருந்தால் எந்திரத்தை நாளைக்கே வாங்கலாம். தேர்ந்த கை கடையில் கிடைக்காது. அது உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். மூத்த தொழிலாளி ஓய்வு பெறுமுன் பக்கத்தில் ஒரு இளைஞன் நிற்க வேண்டும். அவனுக்குக் கட்டுப்படியாகும் கூலியும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்திரம் மிஞ்சும், தொழில் மிஞ்சாது!