கதை படிச்சா இங்கிலீஷ் வரும்!

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். மின்கம்பம், மதில் சுவர், ஆட்டோவின் முதுகு... எங்கே பார்த்தாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸ். முப்பதே நாளில் சரளமாகப் பேசலாமாம். இப்படியே போனால், ‘காலையில் சேர்ந்தால் சாயங்காலம் ஷேக்ஸ்பியர்’ என்றுகூட யாராவது போர்டு மாட்டுவார்கள்.

அப்பா கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டுகிறார். முப்பத்தோராம் நாள் பையன் கையில் என்ன மிச்சம்? என் பெயர் இது, என் ஊர் இது, என் பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று மனப்பாடம் செய்த பத்து வாக்கியம். இன்டர்வியூவில் பதினோராவதாக ஒரு கேள்வி கேட்டால் வியர்த்துவிடுகிறது. நான் பி.காம். படித்தவன், வரவு செலவு பார்க்காமல் விடமாட்டேன். இது சுத்த நஷ்டக் கணக்கு சார்.

லாபக் கணக்கு எது என்று கேட்கிறீர்களா? இதே தர்மபுரியில் குடியிருந்த ஒருவரைக் காட்டுகிறேன். தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1792-ல் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அதை நிர்வாகம் செய்ய கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும், அவருக்கு உதவியாக மன்றோ போன்ற ராணுவ அதிகாரிகளையும் அனுப்பினார்கள். சிவில் அதிகாரிகள் இருக்கும்போது பட்டாளத்துக்காரர்கள் எதற்கு? காரணம் எளிது. சிவில்காரர்களுக்கு உள்ளூர் பாஷை தெரியாது, இவர்களுக்குத் தெரியும். மன்றோ 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார்.

சரி, அவருக்கு மட்டும் பாஷை எப்படி ஒட்டியது? கிளாஸ்கோவில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் அவர். ‘டான் குயிக்ஸாட்’ நாவலை மூல மொழியிலேயே படித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஓர் இலக்கணப் புத்தகம், ஓர் அகராதி. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். 1780-ல் சென்னையில் வந்து இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாரசீகம் கற்றார், பாரசீகக் கதைகள் படித்தார். ஒரு கைப்பிரதியில், கடனுக்கு ஈடாக உடம்புச் சதையைக் கேட்கும் கதை கண்ணில் பட்டது. அட, நம்ம ‘வெனிஸ் வணிகன்’ ஷைலக்! மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். அது ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் மலோன் வரை போய்ச் சேர்ந்தது. அப்போது மன்றோ வெறும் என்சைன், ராணுவத்தில் கடைசிப் படி அதிகாரி.

மன்றோவுக்கு நான் மாலை போடவில்லை. வரி வசூலிக்க வந்தவர் அவர். ஆனால், அவர் கற்ற வழி தப்பில்லையே. முதலில் கதை மேல் ஆசை, அந்த ஆசைக்குப் பின்னால் மொழி.

‘அவர் புத்திசாலி, நம்ம பிள்ளைகளுக்கு முடியுமா?’ என்பார்கள். ஃபிஜித் தீவைப் பாருங்கள். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் வெளியிட்ட கணக்கு இது. அவர்களும் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள்தான்.

இன்னொரு கட்சியும் உண்டு. ‘பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பையன் ஆறு மாசத்தில் கன்னடம் பேசுகிறான். அவன் எந்த நாவலைப் படித்தான்?’ நியாயமான கேள்வி. அவனைச் சுற்றி நாள் முழுக்கக் கன்னடம் இருந்தது. மேஸ்திரியும் டீக்கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் அவனுக்கு இலவசமாகப் பாடம் எடுத்தார்கள். பென்னாகரத்தில் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள்? புத்தகம் ஒன்றுதான். கேட்டதையே நூறு தரம் சொன்னாலும் அது சலித்துக்கொள்ளாது, தப்பாகப் படித்தால் சிரிக்காது.

அந்தத் துணையைத்தான் நம் பள்ளிக்கூடங்கள் கெடுத்து வைத்திருக்கின்றன. பாடத்திட்டத்தில் கதை இல்லாமல் இல்லை. நான்-டீடெய்ல் என்ற பெயரில் நல்ல கதைகளே இருக்கின்றன. ஆனால், கதையை யார் படிக்கிறார்கள்? கைடு வாங்கிச் சுருக்கத்தை நெட்டுருப் போடுகிறார்கள். அதைவிடக் கூத்து, எந்தக் கதையைக் கேட்டாலும் தலைப்பை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ள ‘பொதுப் பத்தி’ ஒன்று இருக்கிறது! மார்க் வருகிறது. மொழி வரவில்லை. பத்து வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளையை ஒரு முழுக் கதைகூடப் படிக்க விடாமல் அனுப்பிவிட்டு, அப்புறம் ஸ்போக்கன் இங்கிலீஷ்காரனிடம் பிடித்துக் கொடுக்கிறோம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் தர்மபுரி. 68.5 சதவீதம். வீட்டில் புத்தகம் இருந்த பிள்ளை எப்படியும் தப்பித்துக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழி ஏது?

அரசு 2023-ல் ‘வாசிப்பு இயக்கம்’ தொடங்கி, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகத் தமிழில் குட்டிக் கதைப் புத்தகங்கள் போட்டது. அருமையான வேலை. அதையே ஆங்கிலத்திலும் செய்யட்டும். வாரத்தில் ஒரு பீரியடாவது பரீட்சை இல்லாமல், கேள்வி இல்லாமல், சும்மா கதை படிக்க விடட்டும்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். மன்றோ மாதிரி எடுத்த எடுப்பில் பெரிய நாவல் வேண்டாம். பிள்ளைக்குத் தமிழில் தெரிந்த தெனாலிராமனும் பஞ்சதந்திரமும் ஆங்கிலத்தில் கிடைக்கும். கதை தெரியும் என்பதால் பாதி வார்த்தைகள் தானாகப் புரியும். அப்புறம் ரஸ்கின் பாண்ட், ஆர்.கே. நாராயண். அகராதியை வரிக்கு வரி புரட்டச் சொல்லாதீர்கள். திரும்பத் திரும்ப வந்து கழுத்தறுக்கும் வார்த்தைக்கு மட்டும் பார்த்தால் போதும்.

முப்பது நாளில் வராது. முந்நூறு நாள் ஆகட்டுமே! ஃபீஸ் கட்டும் காசில் பாதிக்குக் கதைப் புத்தகம் வாங்குங்கள். மீதியில் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள், நூலகம் வரை நடக்க உதவும்.