தவளை தன் வாயால் மட்டுமா கெடும்?

"தவளை தன் வாயால் கெடும்" என்பது பழமொழி. இரவில் ஓயாமல் கத்தி, இருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்து, பாம்புக்கு இரையாகும் தவளைக்குச் சொன்ன வார்த்தை அது. ஆனால், ஆஸ்திரேலியாவில் பலருடைய வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்கிறதே பச்சை மரத்தவளை, அது கெடுவதென்றால் பெரும்பாலும் வளர்ப்பவர் கையால்தான் கெடும். அதுவும் வெறுப்பினால் அல்ல. அளவு மீறிய அன்பினால்!

வாழைப்பழத்தோடு வந்த விருந்தாளி

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வாழைத் தோட்டங்கள் ஏராளம். வாழைத் தார்களுக்கு நடுவே பதுங்கியிருக்கும் மரத்தவளைகள், சில சமயம் பழப் பெட்டிகளோடு லாரி ஏறிவிடுகின்றன. 2,000 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து சிட்னி நகரத்தில் வந்து இறங்குகின்றன. "வாழைப் பெட்டித் தவளை" என்றே அவற்றுக்குப் பெயர்.

வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பினால் என்ன? அது எந்தத் தோட்டத்தில் ஏறியது என்பது யாருக்கும் தெரியாது. வழியில் என்ன நோய் தொற்றியதோ, அதுவும் தெரியாது. ஆகவே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தவளைகளுக்காகவே இயங்கும் ஒரு சங்கம் அவற்றை வாங்கிப் பராமரித்து, தத்துக் கொடுக்கிறது. உரிமம் உள்ளவருக்கே தவளை கிடைக்கும். காட்டிலிருந்து பிடித்து வருவதற்கு அனுமதி கிடையாது.

"சுதந்திரமாகத் திரிந்த ஜீவனைப் பெட்டியில் அடைப்பது பாவம் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. காட்டில் இருப்பதைப் பிடித்து வந்து அடைத்தால் அது பாவமேதான். ஆனால், ஊர் திரும்ப வழியில்லாத தவளைக்கு இடம் கொடுப்பது வேறு விஷயம். கடையில் காசு கொடுத்துத் தவளை வாங்க நினைப்பவர்கள், முதலில் இந்த அநாதைகளைப் பற்றி விசாரிப்பதே முறை.

நீலம் என்று பெயர், நிறமோ பச்சை!

1788-இல் முதல் கப்பற் கூட்டத்தோடு ஆஸ்திரேலியா சென்ற டாக்டர் ஜான் ஒயிட், 1790-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தவளை வர்ணிக்கப்பட்டது. அதன் லத்தீன் பெயருக்கு "நீலம்" என்று பொருள். சாராயத்தில் ஊறிய தவளையின் பச்சை நிறம் போய் நீலம் மிஞ்சியதே அதற்குக் காரணம் என்பார்கள். நன்கு வளர்ந்தால் சுமார் 10 சென்டி மீட்டர் நீளம் இருக்கும். சாதுவான பிராணி, கையில் எடுத்தாலும் அவ்வளவாகத் துள்ளாது. அந்தச் சாதுத்தனமே அதற்கு எமனாகிறது.

தோலே அதற்கு வாய்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுப்புறத் தோலால் உறிஞ்சிக் கொள்கிறது. சுவாசத்திலும் தோலுக்குப் பங்கு உண்டு. அப்படியானால், மனிதன் கையில் உள்ள சோப்பு, எண்ணெய், பூச்சி மருந்து எல்லாம் அதன் உடம்புக்குள்ளே போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த தவளையை ஆசையோடு தடவிக் கொடுப்பது, அதன் வாயில் சோப்பு நீரை ஊற்றுவதற்குச் சமம்.

குழாய்த் தண்ணீரிலும் ஆபத்து உண்டு. கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின், தவளையின் தோலையும் வாட்டும். திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். சில நகரங்களில் கலக்கப்படும் குளோரமைன் அப்படிப் போகாது. அதை நீக்கும் மருந்தைச் சில சொட்டு விட வேண்டும்.

இது தவளைக்கு மட்டும் சொல்லும் புத்திமதி அல்ல. தவளைகள் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமக்கக்கூடும். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில், மீன் தொட்டிகளில் வளர்த்த ஆப்பிரிக்கக் குட்டித் தவளைகளால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் கண்டது. பெரும்பாலோர் சிறு குழந்தைகள்! ஆகவே, தவளையின் தொட்டியைத் தொட்டவர் அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொடுவதற்கு முன்போ, சோப்பின் வாடையே கையில் இருக்கக் கூடாது.

ஊட்டி ஊட்டிக் கெடுப்பது

வாயால் கெடும் என்ற பழமொழியும் ஒரு வகையில் பலிக்கத்தான் செய்கிறது. இந்தத் தவளை பெரிய சாப்பாட்டு ராமன்! அசையும் பூச்சி எதுவானாலும் விழுங்கும்; தன்னைவிடச் சிறிய தவளையைக்கூட விடாது. காட்டில் தேடி அலைந்து தின்றது, பெட்டியில் உட்கார்ந்த இடத்தில் தின்கிறது. விளைவு, கண்ணுக்கு மேல் கொழுப்பு மடிந்து தொங்கும் தொந்தித் தவளை! பார்ப்பவர்கள் "கொழுகொழுவென்று இருக்கிறது" என்று மெச்சுவார்கள். அது ஆரோக்கியம் அல்ல, நோய்.

வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரை போட்டால் போதும். சுவர்க்கோழி போன்ற பூச்சிகளின் மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியும் வைட்டமின் டி-யும் தூவித் தர வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். பெட்டி அகலத்தைவிட உயரமாக, ஏறுவதற்குக் கிளைகளோடு இருக்க வேண்டும். பகலில் 24 முதல் 29 டிகிரி வரை உஷ்ணம் வேண்டும்.

வந்த முதல் சில நாட்கள் தவளை இரை எடுக்காமல் ஒரு மூலையில் ஒட்டிக் கொண்டிருக்கும். உடனே பதறக் கூடாது. புது இடம் பழகட்டும் என்று விட்டுவிட வேண்டும். வீட்டில் வேறு தவளை இருந்தால் பல வாரங்களுக்கு இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஆற்றில் விடுவது புண்ணியமா?

சிலர் ஆறு மாதத்தில் அலுத்துப்போய், "பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும்" என்று ஓடைக்கரையில் விட்டுவிடுகிறார்கள். தர்மம் என்று நினைத்துச் செய்யும் மகா அதர்மம் இது!

தவளையின் தோலைத் தாக்கிக் கொல்லும் ஒரு பூஞ்சைக்கு 1999-இல் விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். தவளை வியாபாரத்தோடு சேர்ந்து கண்டம் விட்டுக் கண்டம் பரவிய நோய் அது. 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, தவளை இனத்தைச் சேர்ந்த நீர்நில வாழ் உயிர்களில் 501 வகைகள் அதனால் நலிந்தன. அவற்றில் 90 வகைகள் அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆஸ்திரேலியாவும் இந்தக் கொள்ளைநோய்க்குத் தன் தவளை இனங்கள் சிலவற்றைப் பறிகொடுத்த நாடு. பெட்டியிலிருந்து இறக்கிவிடும் ஒரு தவளை, ஓர் ஓடையின் தவளைகளை எல்லாம் கொண்டுபோகக் கூடும்.

நல்ல பராமரிப்பில் பச்சை மரத்தவளை 15 ஆண்டுகள், அதற்கு மேலும் வாழும். பத்து வயதுப் பையனுக்குப் பிறந்த நாள் பரிசாகத் தந்தால், அவன் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது பெட்டிக்குள் உட்கார்ந்து பூச்சிக்காகக் காத்திருக்கும். பரிசு கொடுத்த தகப்பனார்தான் அப்போது பூச்சி தேட வேண்டியிருக்கும்!

எனவே, பிறந்த நாள் பொம்மையாகத் தவளையை வாங்குவது கூடாது. அரசாங்கம் உரிமம் கொடுப்பது நல்லதுதான். ஆனால், உரிமச் சீட்டால் பொறுமையை அளக்க முடியாது. தொடாமல் ரசிக்கவும், கேட்காமல் ஊட்டாமல் இருக்கவும், 15 ஆண்டுகள் அலுக்காமல் தண்ணீர் மாற்றவும் தெம்பு உண்டா என்று, தத்து எடுப்பவர் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். இல்லை என்றால், மழைக் காலத்தில் குளத்தங்கரைக்குப் போய்த் தவளைக் கச்சேரியைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அதற்குச் செலவும் இல்லை. தவளைக்குச் சேதமும் இல்லை.