பறக்கவிடும் முன்

பூனாகலையில் என் மருமகனிடம் வானொலி அலையில் இயங்கும் மாதிரி ஹெலிகொப்டர் ஒன்றுண்டு. சென்ற மாதம் தோட்டப் பாடசாலை மைதானத்துக்கு எடுத்து வந்தான். சுற்றிலும் லயத்துச் சிறுவர்கள். இறகின் ஆணிகளைப் பார்த்தாயா என்றேன். "நேத்துதானே மாமா பறந்துச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான்.

இதை விளையாட்டுச் சாமான் என்றெண்ணுவது பெரும் பிழை. 2013 செப்டெம்பரில் நியூயோர்க்கின் புரூக்ளின் பூங்காவொன்றில், தாம் இயக்கிய மாதிரி ஹெலிகொப்டரின் இறகு தாக்கி 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் அனுபவமுள்ளவர்தாம்.

இறகில் கீறல் உண்டா, வால் விசிறியின் பெல்ட் தளர்ந்ததா, முழுதாக ஏற்றிய பற்றரியின் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட் காட்டுகிறதா என்றெல்லாம் பார்க்கவேண்டும். கையிலுள்ள இயக்கியையே முதலில் போடவேண்டும். கடைசியில் அணைப்பதும் அதையே. பலர் மறப்பது ஒன்றுண்டு: விசையை இடப்புறம் தள்ளினால் இறகுகளுக்குக் கீழுள்ள தட்டும் இடப்புறமே சாய்கிறதா? பழுது பார்த்தபின் இது தலைகீழாகிவிடுவதுண்டு.

குறை கண்டால் அன்று பறக்கவிடாமல் திரும்பவேண்டும். இங்கேதான் நாம் தோற்கிறோம். பக்கத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையை நீங்கள் அறிவீர்கள். அம்மலை ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. லயங்கள் அங்கேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. பரிசோதனையில் குறையில்லை, அதன்படி நடக்கத்தான் ஆளில்லை.

மருமகன் முணுமுணுத்தபடி திருப்புளியை எடுத்தான். ஓர் ஆணி இழை தேய்ந்து சுழன்றுகொண்டேயிருந்தது. மாற்று ஆணி கைவசமில்லை. சிறுவர்கள் ஏமாற்றத்துடன் கலைந்தார்கள். அவனுக்கு என்மேல் இன்னும் கோபம்தான்.